மோட்டார் சைக்கிளின் திரவ அழுத்தக் கிளட்ச்: பாகம் மாற்றியபின் தோன்றும் கோளாறுகள்

இயந்திரம் ஒன்றில் தேய்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிய பாகத்தைப் பூட்டினால் கோளாறு தீர்ந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. அநேக சமயங்களில் அவ்வாறே தீர்ந்தும்விடுகிறது. ஆனால், திரவத்தின் அழுத்தத்தைக் கொண்டு இயங்கும் உறுப்புக்களில் இந்த எண்ணம் எப்பொழுதும் பலிப்பதில்லை. அங்கே பழைய பாகத்தைக் கழற்றிய வேலையே ஒரு புதிய கோளாற்றை உள்ளே புகுத்திவிடக்கூடும். அதனை உணராதவர், பூட்டிய புதிய பாகமே பழுது என்று கருதி இன்னொன்று வாங்குகிறார். அதுவும் பயன்படாமற் போகவே மூன்றாவது ஒன்றைத் தேடுகிறார். இவ்வாறு பணமும் காலமும் வீணாவது ஒருபுறமிருக்க, பாதி சீரான கிளட்சுடன் வண்டியைச் சாலையில் செலுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே, மோட்டார் சைக்கிளின் திரவ அழுத்தக் கிளட்ச் எவ்வாறு வேலை செய்கிறது, பாகம் மாற்றியபின் அதில் என்னென்ன கோளாறுகள் தோன்றும், அவற்றை எந்த வரிசையில் ஆராய்ந்து காண்பது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

நம் ஊர்களில் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் கிளட்ச் எஃகுக் கம்பியால்தான் இழுக்கப்படுகிறது. திரவத்தால் இயங்கும் கிளட்ச் பெரும்பாலும் சக்தி மிக்க பெரிய வண்டிகளில் காணப்படுவது. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த டுகாட்டி 916, 1998இல் வெளிவந்த ஹோண்டா வி.எஃப்.ஆர். 800, 1999இல் வெளிவந்த சுசூகி ஹயபூசா ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுக்கள். அப்படியாயின் நமக்கு இதனால் பயன் என்ன என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். இன்று சாதாரண மோட்டார் சைக்கிள்களிலும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அதன் அமைப்பும் இக்கிளட்சின் அமைப்பும் அடிப்படையில் ஒன்றே. ஒன்றை நன்கு அறிந்தவர் மற்றொன்றையும் அறிந்தவராவார்.

அமைப்பும் இயக்கமும்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கங்களிலும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கிய விதி. திரவக் கிளட்ச் முழுவதும் இவ்விதியின்மேல் நிற்கிறது.

வண்டியின் இடக் கைப்பிடியில் லீவரை ஒட்டி மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு உருளை இருக்கிறது. அதன் தலைமேல் திரவம் நிரம்பிய சிறு தொட்டி உண்டு. லீவரை இழுத்தால் உருளையினுள் பிஸ்டன் நகர்ந்து திரவத்தைக் குழாய் வழியே கீழே தள்ளுகிறது. எஞ்சினின் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர் என்னும் இரண்டாவது உருளை பொருத்தப்பட்டிருக்கிறது. வந்த திரவம் அதன் பிஸ்டனை வெளியே தள்ள, அது ஒரு நீண்ட தள்ளுகம்பியை நகர்த்துகிறது. மேற்கூறிய வி.எஃப்.ஆர். போன்ற வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் இடப்புறத்தில், செயின் பல்சக்கரத்தின் அருகே இருக்கிறது. கிளட்சோ வலப்புறத்தில் இருக்கிறது. தள்ளுகம்பி கியர்ப் பெட்டியின் துளையுள்ள தண்டினூடே சென்று மறுபுறத்தை அடைந்து, சுருள்வில்களின் அழுத்தத்தை எதிர்த்துக் கிளட்ச் பிளேட்டுகளை விடுவிக்கிறது. லீவரை விட்டதும் சுருள்வில்கள் யாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளுகின்றன. திரவமும் மேலே திரும்புகிறது.

மாஸ்டர் சிலிண்டரில் தொட்டிக்கும் உருளைக்கும் இடையே இரண்டு துளைகள் உண்டு. ஒன்று பெரியது, பிஸ்டனின் பின்புறத்திற்குத் திரவம் தருவது. மற்றொன்று ஊசிமுனை புகும் அளவே உள்ள மிகச் சிறு துளை. லீவரை முழுவதும் விட்டிருக்கும் நிலையில்தான் இச்சிறு துளை திறந்திருக்கும். எஞ்சினின் வெப்பத்தால் விரிந்த திரவம் தொட்டிக்குத் திரும்புவதும், மேலெழும் காற்றுக் குமிழிகள் வெளியேறுவதும் இதன் வழியாகவே. பின்னர் கூறப்போகும் கோளாறுகளில் ஒன்று முற்றிலும் இச்சிறு துளையைச் சார்ந்ததாதலின், இதனை மறவாமல் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆறு துளிக் காற்றின் கதை

சிறிது கணக்குப் பார்த்தால் இக்கிளட்ச் ஏன் இவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். மாஸ்டர் பிஸ்டனின் விட்டம் 14 மில்லிமீட்டர், ஸ்லேவ் பிஸ்டனின் விட்டம் 28 மில்லிமீட்டர் என்று கொள்வோம். விட்டம் இரு மடங்கு. ஆகவே பரப்பு நான்கு மடங்கு. கையின் விசை நான்கு மடங்காகப் பெருகும். ஆனால் நகரும் தூரம் நான்கில் ஒன்றாகக் குறையும். மேலே பிஸ்டன் 8 மில்லிமீட்டர் நகர்ந்தால் கீழே 2 மில்லிமீட்டரே நகரும். இந்த 2 மில்லிமீட்டரில்தான் பிளேட்டுகள் விடுபட வேண்டும்.

இனி, மேற்படி 8 மில்லிமீட்டர் நகர்ச்சியில் தள்ளப்படும் திரவம் எவ்வளவு? சுமார் 1.23 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறு தேக்கரண்டியில் கால் பங்கு. குழாயினுள் 0.3 மில்லிலிட்டர் காற்று, அதாவது ஏறக்குறைய ஆறு துளி அளவு, தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். திரவம் சுருங்குவதில்லை, காற்றோ சுருங்கும். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 20 மடங்கு ஏறினால் அக்குமிழி இருபதில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். லீவரின் இழுப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, காற்றை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். கீழே 2 மில்லிமீட்டர் நகர வேண்டிய கம்பி ஒன்றரை மில்லிமீட்டரே நகரும். கிளட்ச் முழுவதும் விடுபடாது. கியர் போட்டால் வண்டி தானாக முன்னே ஊரும்.

பம்பு செட்டு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இதனை விரிக்க வேண்டியதில்லை. உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தண்ணீர் ஏறாது. புதிய மோட்டார் வாங்கிப் பூட்டினாலும் ஏறாது. நீரூற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் ஏறும். டீசல் எஞ்சினின் குழாயில் ஏர் பிடித்தாலும் இதே நிலைதான். கிளட்சிலும் அவ்வாறே. எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் காற்றுப் புகுந்தே தீரும். ஆகவே பாகம் மாற்றியபின் லீவர் தொய்ந்திருந்தால், முதலில் ஐயுற வேண்டியது புதிய பாகத்தை அன்று, காற்றையே.

திரவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை

காற்றைப் பற்றிச் சிந்திக்குமுன், தொட்டியில் ஊற்றியது எது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கடைகளிலும் பட்டறைகளிலும் இதனைப் பிரேக் ஆயில் என்று வழங்குகிறார்கள். பெயரில் ஆயில் என்றிருப்பினும் இது எண்ணெய் அன்று. டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்பவை கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. எண் நெருங்கியிருப்பதால் 5.1உடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவ்விரு வகைகளையும் ஒன்றோடொன்று கலத்தல் கூடாது.

கிளைக்கால் திரவத்திற்கென அமைந்த ரப்பர் சீல்கள் எஞ்சின் ஆயில் பட்டால் உப்பிப் பருத்துவிடும். அதற்கு மாறாக, சில வண்டிகளின் கிளட்ச் மினரல் ஆயிலுக்கென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. கே.டி.எம். நிறுவனத்தின் வண்டிகளில் மகுரா கிளட்ச் உள்ளவை மினரல் ஆயிலும், பிரெம்போ கிளட்ச் உள்ளவை டாட் 4 திரவமும் கொள்வன. முன்னதில் டாட் 4 ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். தொட்டியின் மூடியிலேயே இன்ன திரவம் என்று பொறிக்கப்பட்டிருக்கும்; அதனைப் படித்தபின்னரே ஊற்றுக. தவறான திரவம் ஒருமுறை சென்றுவிட்டால், வடித்துவிட்டு மாற்றுவது மட்டும் போதாது. அதனைத் தொட்ட ரப்பர்ப் பாகங்கள் யாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 திரவம் 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 155 டிகிரியாகத் தாழ்ந்துவிடும் என்பது அதற்கு வகுக்கப்பட்ட அளவு. ஈரத்தால் உருளையின் உட்சுவரும் அரித்துப்போகும். ஆகவே, நெடுநாளாகத் திறந்து கிடந்த புட்டியிலிருந்து ஊற்றுதல் தவறு. மேலும், இத்திரவம் வண்டியின் பெயிண்டை அரித்துவிடும். வேலை செய்யும்பொழுது தொட்டியைச் சுற்றிலும் துணி போர்த்தி வைத்து, சிந்தியவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுக. கண்ணில் தெறிக்காதபடி காத்துக்கொள்க.

லீவர் கூறும் அறிகுறிகள்

வைத்தியர் நாடி பார்ப்பது போல, லீவரை மெல்ல இழுத்து விட்டுப் பார்த்தால் கோளாறு இன்னதென்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1. லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரையில் சென்றுவிடுகிறது: மாஸ்டர் சிலிண்டரிலேயே திரவம் பிடிபடவில்லை என்பது இதன் முதற்பொருள். உலர்ந்த புதிய சிலிண்டரைப் பூட்டியவுடன் இவ்வாறு நிகழ்வது வழக்கம். சீலைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தாலும் இவ்வாறே நேரும்; கிண்ணம் போன்ற முதற்சீலின் விளிம்பு திரவம் வெளிச்செல்லும் பக்கத்தை நோக்கியிருத்தல் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லேவ் சிலிண்டரைப் பூட்டும்பொழுது தள்ளுகம்பியை உள்ளே வைக்க மறந்திருந்தால், ஸ்லேவ் பிஸ்டன் எதிர்ப்பின்றி வெளியே வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வோர் இழுப்பிலும் தொட்டியின் மட்டம் தாழ்ந்துவரும். அவ்வாறு கண்டால் உடனே நிறுத்திவிடுக. மேலும் இழுத்தால் பிஸ்டன் உருளையைவிட்டே கழன்றுவிடும். ஸ்லேவ் சிலிண்டர் எஞ்சினிலிருந்து கழற்றப்பட்டிருக்கும்பொழுது லீவரைத் தொடலாகாது என்பதும் இக்காரணத்தால்தான்.

2. லீவர் பஞ்சு போல் அமிழ்கிறது; நான்கைந்து முறை அடுத்தடுத்து இழுத்தால் இறுகுகிறது: இது காற்றுத் தங்கியதன் தெளிவான அடையாளம். பாகம் வாங்கப் பணம் செலவிட வேண்டாம், காற்றை நீக்குக.

3. லீவர் முதலில் நன்றாக நிற்கிறது. இழுத்துப் பிடித்திருந்தால் மெல்லமெல்லத் தாழ்கிறது: திரவம் எங்கோ கசிகிறது. குழாயின் இணைப்புக்களையும் ஸ்லேவ் சிலிண்டரின் அடியையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். குழாய் இணைப்பின் இருபுறமும் உள்ள செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள் ஒருமுறை நசுங்கியவை. கழற்றும்பொழுதெல்லாம் புதியன இடுதல் நன்று. வெளியே ஈரம் எங்குமே இல்லையாயின், மாஸ்டர் சிலிண்டரின் முதற்சீலைத் தாண்டித் திரவம் தொட்டிக்கே திரும்புகிறது என்று கொள்ளலாம். அரித்துப் பள்ளம் விழுந்த உருளையில் புதிய சீல் இட்டால் இவ்வாறே ஆகும். நகம் தடுக்குமளவு பள்ளம் இருந்தால் சீலை மாற்றிப் பயனில்லை.

4. லீவர் இயல்பான எதிர்ப்புடன் முழுத் தூரமும் செல்கிறது. ஆனால் கிளட்ச் விடுபடவில்லை: திரவப் பகுதி பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு கிளட்சிலேயே இருக்கலாம். பிளேட்டுகளையும் மாற்றியிருந்தால், அவற்றை எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் பூட்டினோமா, கையேட்டில் கண்ட வரிசையில் அடுக்கினோமா, அழுத்தும் பிளேட் தன் பள்ளங்களில் சரியாக அமர்ந்ததா என்று பார்க்க வேண்டும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. பழைய ரப்பர்க் குழாய் அழுத்தத்தில் உப்பி, தள்ளிய திரவத்தை விழுங்கிவிடுவதும் மற்றொரு காரணமாகலாம்.

5. லீவர் தொடக்கத்திலேயே கல்லைப் போல் இறுகி நிற்கிறது: வழி அடைபட்டிருக்கிறது. குழாய் நசுங்கியதா, இணைப்புப் போல்ட்டின் துளையில் அழுக்கு அடைத்ததா, ஸ்லேவ் பிஸ்டன் சாய்ந்து சிக்கிக்கொண்டதா என்று காண்க.

6. புறப்படும்பொழுது நன்றாயிருக்கிறது, சில மைல் தூரம் ஓடி எஞ்சின் சூடேறியதும் கிளட்ச் வழுக்குகிறது: எஞ்சின் உறுமுகிறது, வண்டி அதற்கேற்ற வேகம் பிடிப்பதில்லை. இதுவே முன்னர்க் குறிப்பிட்ட சிறு துளையைச் சார்ந்த கோளாறு. துளை அழுக்கால் அடைபட்டோ, பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல் அதனை மூடிக்கொண்டோ இருந்தால், வெப்பத்தால் விரிந்த திரவம் தொட்டிக்குத் திரும்ப வழியின்றி ஸ்லேவ் பிஸ்டனைத் தள்ளுகிறது. லீவரைத் தொடாமலே கிளட்ச் பாதி இழுத்த நிலையில் நிற்கிறது. இதனை உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. வழுக்கும் நிலையில் வண்டியை நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைச் சிறிது தளர்த்துக. சூடான திரவம் தெறிக்கக்கூடுமாதலின் துணியால் மூடிக்கொண்டே செய்க. திரவம் பீறிட்டு வந்து, பின்பு கிளட்ச் இறுகிப் பிடிக்குமாயின், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது உறுதி. லீவரில் கட்டாயம் இருக்க வேண்டிய சிறு ஆட்டம் இல்லாமல் திருகாணியை முடுக்கியிருப்பதும், வேறு வண்டிக்குரிய லீவரைப் பூட்டியிருப்பதும் இதற்குப் பொதுவான காரணங்கள்.

சூடேறும் முன்னரே வழுக்குமாயின் பிளேட்டுகளின் தேய்மானத்தையும், சுருள்வில்களின் தளர்ச்சியையும், எஞ்சின் ஆயிலின் வகையையும் பார்க்க வேண்டும். ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஜாசோ எம்.ஏ. என்று குறியிட்ட மோட்டார் சைக்கிள் ஆயிலே ஏற்றது.

புதிய பாகமும் பொருந்தாத பாகமும்

புதியது என்பதாலேயே ஒரு பாகம் பொருத்தமானது ஆகிவிடாது. முற்கூறிய கணக்கில் 14 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதிலாக 12.7 மில்லிமீட்டர் பிஸ்டன் உள்ள மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டினால் என்ன நிகழும்? பரப்பு சுமார் 18 சதவீதம் குறைந்துவிடும். லீவர் முன்னிலும் மென்மையாக இருக்கும், பூட்டியவர் மகிழ்வார். ஆனால் கீழே கம்பியின் நகர்ச்சியும் அதே விகிதத்தில் குறைந்து, கிளட்ச் முழுவதும் விடுபடாது. ஸ்லேவ் சிலிண்டரைப் பெரிதாக்கினாலும் இதே விளைவுதான். இத்தகைய குறையை எத்தனை முறை காற்று நீக்கினாலும் போக்க முடியாது. பாகத்தை வாங்குமுன் உருளையில் பொறித்துள்ள அளவைப் பழையதுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

லீவரின் மூட்டருகே, தள்ளுமுனை அமரும் சிறு புஷ் ஒன்று பல வண்டிகளில் உண்டு. அது தேய்ந்து குழிந்தால் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ இழுப்பு வீணாகும். மேலே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் அது எட்டில் ஒரு பங்கு என்பதை நினைவிற் கொள்க. பழைய லீவரிலுள்ள புஷ்ஷைப் புதிய லீவருக்கு மாற்ற மறந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது.

பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்தல்

தறியில் ஓரிடத்தில் குறை கண்டால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. விழுதிலா, பண்ணையிலா, தாரிலா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறார். இங்கும் அம்முறையே சிறந்தது. காற்றை நன்கு நீக்கியபின்னும் லீவர் தொய்ந்திருந்தால் இச்சோதனையைச் செய்க.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, அதே மரையுள்ள போல்ட் ஒன்றைப் புதிய வாஷருடன் அவ்வாயில் முடுக்கி அடைத்துவிடுக. உள்ளிருக்கும் சிறிதளவு காற்றை நீக்கிவிட்டு லீவரை இழுத்துப் பார்க்க. லீவர் சற்றே நகர்ந்து கல்லைப் போல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. தொய்ந்தாலோ தாழ்ந்தாலோ கோளாறு அங்கேயே உள்ளது. கீழே எதையும் கழற்ற வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டர் தேறினால், குழாயை மீண்டும் பூட்டி அதன் கீழ்முனையை அவ்வாறே அடைத்துச் சோதிக்க. அதுவும் தேறினால் மீதியுள்ளது ஸ்லேவ் சிலிண்டரும் கிளட்சுமே. இரண்டு போல்ட்டுகளின் விலையில், விலை மிகுந்த பாகங்களை வீணே வாங்காமல் தப்பலாம்.

சிறு துளை திறந்திருக்கிறதா என்பதையும் எளிதில் காணலாம். தொட்டியின் மூடியைத் திறந்து லீவரை மிக மெதுவாகச் சிறிதளவு இழுத்தால், திரவத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு சுழிப்போ ஊற்றோ தோன்றும். தோன்றவில்லையாயின் துளை அடைபட்டிருக்கிறது. வேகமாக இழுத்தால் திரவம் முகத்தில் பீய்ச்சும், எச்சரிக்கை தேவை.

காற்றை நீக்கும் முறை

முதலில் தொட்டி மட்டமாக நிற்கும்படி கைப்பிடியைத் திருப்பி வைத்து, புதிய திரவம் நிரப்புக. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒளி ஊடுருவும் சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது திரவமுள்ள புட்டியில் அமிழ்த்துக. லீவரை மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துக. குமிழிகளுடன் திரவம் வரும். நிப்பிளை இறுக்கியபின்னரே லீவரை விடுக. வரிசை மாறினால் வெளியேறிய காற்று உள்ளே திரும்பிவிடும். நாலைந்து முறைக்கு ஒரு தடவை தொட்டியைப் பார்த்து நிரப்புக. தொட்டி வற்றினால் செய்த வேலை முழுவதும் வீண்.

இவ்வாறு செய்தும் சில வண்டிகளில் லீவர் இறுகாது. காற்று இயல்பாக மேலே ஏறுவது. நாமோ அதனைக் கீழே தள்ள முயல்கிறோம். குழாயின் மிக உயர்ந்த இடம் மாஸ்டர் சிலிண்டரின் இணைப்பருகே வளைவாக அமைந்திருக்கும். குமிழி அங்கே ஒளிந்துகொள்ளும். அவ்விணைப்பைத் துணியால் சுற்றி, லீவரை இழுத்துப் பிடித்து, போல்ட்டைச் சிறிது தளர்த்தி உடனே இறுக்கினால் நுரையுடன் காற்று வெளிவரும். ஓரிரு முறையில் லீவர் இறுகுவதைக் காணலாம்.

கீழிருந்து மேலே ஏற்றும் முறை இன்னும் எளிது. பெரிய ஊசிக்குழலில் காற்றில்லாமல் திரவம் நிரப்பி, நிப்பிளில் செருகிய குழாய் வழியே மெல்ல உட்செலுத்தினால், திரவம் காற்றை முன்னே தள்ளிக்கொண்டு தொட்டியில் வந்து சேரும். தொட்டி வழியாதபடி அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். மகுரா கிளட்ச் உள்ள வண்டிகளில் இம்முறை மிகவும் பயன் தருகிறது.

நிப்பிள் ஸ்லேவ் சிலிண்டரின் உச்சியில் இல்லாமல் சற்றுத் தாழ அமைந்திருந்தால், அதற்கு மேலுள்ள காற்று ஒருபொழுதும் வெளியேறாது. அப்பொழுது சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டன் வெளியே வராதபடி கவ்வியால் பிடித்துக்கொண்டு, நிப்பிள் மேல்நோக்குமாறு சாய்த்துக் காற்றை நீக்க வேண்டும். உறிஞ்சு பம்பு கொண்டு செய்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும்: தளர்த்திய நிப்பிளின் மரை வழியாகவும் வெளிக்காற்று உள்ளிழுக்கப்பட்டுக் குமிழியாகத் தோன்றும். அதைக் கண்டு இன்னும் காற்று இருக்கிறது என்று மயங்கி நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டிருத்தல் வேண்டா.

முடிவில் தொட்டியை விளிம்பு வரை நிரப்பலாகாது. பிரேக்கில் பட்டை தேயத்தேயத் திரவ மட்டம் தாழ்ந்து வரும். இத்தகைய கிளட்சிலோ, பிளேட் தேயத்தேயத் தள்ளுகம்பி ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னே தள்ளுவதால் மட்டம் உயர்ந்து வரும். அதற்கு இடம் வேண்டும். மேற்கோட்டின் அளவே போதுமானது.

சாலையில் செல்லுமுன்

வேலை முடிந்ததும் உடனே வண்டியில் ஏறிப் புறப்படலாகாது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமல் முதல் கியரைப் போட்டு, லீவரை முழுவதும் இழுத்துக்கொண்டு பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுக. ஆயிலில் நனைந்த பிளேட்டுகளின் இழுவையால் சற்றுக் கனத்தாலும் சக்கரம் சுழல வேண்டும். லீவரை விட்டவுடன் எஞ்சினோடு பிணைந்து நிற்க வேண்டும். பிறகு லீவரைச் சில நிமிட நேரம் இழுத்துப் பிடித்திருந்து மீண்டும் சுழற்றிப் பார்க்க. அப்பொழுதும் சுழன்றால் கசிவில்லை என்று கொள்ளலாம். அதன்பின் நியூட்ரலில் எஞ்சினை ஓட்டி, ஆட்களும் வாகனங்களும் இல்லாத வெட்டவெளியில், பிரேக்கைப் பிடித்தபடியே முதல் கியரைப் போட்டுப் பார்க்க வேண்டும். சில மைல் ஓடி எஞ்சின் சூடேறியபின் வழுக்கல் உண்டா என்பதையும், மறுநாட்காலையில் லீவரின் இறுக்கமும் தொட்டியின் மட்டமும் மாறாமலிருக்கின்றனவா என்பதையும் பார்த்தாலன்றிச் சோதனை முற்றுப்பெற்றதாகாது.

மறுநாள் லீவர் மீண்டும் தொய்ந்திருந்தால் இரண்டில் ஒன்றுதான் காரணம்: தங்கிய காற்று இடம் மாறியிருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிவு இருக்க வேண்டும். மீண்டும் ஒருமுறை காற்றை நீக்கிப் பார்த்து, அதற்கடுத்த நாளும் அவ்வாறே ஆனால் கசிவைத் தேடுக. இச்சோதனைகள் யாவற்றையும் செய்தபின்னும் கிளட்ச் விடுபடாமலிருந்தாலோ, உருளை அரித்துப் போயிருந்தாலோ, அவ்வண்டியை அறிந்த தொழிலாளியிடம் ஒப்படைப்பதே முறை. அப்பொழுதும் இதுகாறும் செய்த சோதனைகள் வீண்போகமாட்டா. மாஸ்டர் சிலிண்டர் தேறியது, குழாய் தேறியது, துளை திறந்திருக்கிறது என்று வரிசையாக எடுத்துச் சொல்ல வல்லவருக்குப் பழுது பார்க்கும் நேரமும் கூலியும் குறையும். தேவையற்ற பாகத்தை அவர் தலையில் கட்டவும் எவராலும் இயலாது. பாகங்களை மாற்றுமுன் சோதித்தலும், மாற்றியபின் காற்றை நீக்குதலும், ஓட்டுமுன் மீண்டும் சோதித்தலும் ஆகிய இம்மூன்றையும் வரிசை தவறாமல் கைக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.